தடைக்காலத்துக்கு முன் கல்லூரிக் கணக்கு: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பிளஸ் டூ தேர்வு முடிவு வருவது மே மாதத்தில். பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பப் பதிவு நடப்பதும் அதே வாக்கில்தான். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் தொடங்கித் தொண்டி வரை விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளில், வருமானம் நிற்கும் மாதமும் கல்லூரி காசும் காகிதமும் கேட்கும் மாதமும் ஒன்றாக வந்து சேருகின்றன. தடைக்கால நிவாரணம் வீட்டுச் செலவுக்கே இழுபறி.

ஆகவே இந்தக் கரையில் கல்லூரித் திட்டத்தைப் பிளஸ் டூ முடிந்தபின் தொடங்குவது தாமதம். ஏப்ரல் 15-ஐக் கெடுவாக வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். அதற்குள் சான்றிதழ்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். முதல் தவணைப் பணத்தில் ஒரு பகுதியாவது வங்கியில் இருக்க வேண்டும். தடைக்காலத்தில் அப்பா கரையில் இருப்பார். அந்த நாள்களைக் கல்லூரிகளை நேரில் போய்ப் பார்க்கவும், கையெழுத்துகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். நாட்டுப்படகு, கடல்பாசி, பனை, வளைகுடா வேலை என்று வேறு வருமானத்தில் வாழும் வீடுகளுக்கும் இதே நாள்காட்டி பொருந்தும்.

1. பத்தாம் வகுப்பிலேயே முடிவாகும் இரண்டு விஷயங்கள்

முதலாவது, பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் பாடப்பிரிவு. கணிதம் இல்லாமல் பொறியியலோ கப்பல் படிப்போ கிடையாது. உயிரியல் இல்லாமல் மருத்துவமோ மீன்வளப் பட்டப்படிப்போ கிடையாது. எதுவென்று தெளிவில்லாத பிள்ளைக்கு, படிக்கத் தெம்பு இருந்தால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு இரண்டு கதவுகளையும் திறந்து வைக்கும். தெம்பு இல்லாத பிள்ளையை அதில் தள்ளினால் இரண்டிலும் மதிப்பெண் குறையும். வணிகவியல் எடுத்தால் மதிப்புக் குறைவு என்று நினைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் வணிகவியல் மாணவர், தடுமாறும் கணித மாணவரைவிட நல்ல இடத்துக்குப் போவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

இரண்டாவது, எந்தப் பள்ளி என்பது. இதில்தான் நம் பக்கத்தில் பெரிய இழப்பு நடக்கிறது. பத்தாம் வகுப்பில் 400-க்கு மேல் வாங்கிய பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து, கடன் வாங்கியாவது ராமநாதபுரத்திலோ நாமக்கல்லிலோ தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் 2021-இல் அது விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேருபவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உள்பட அரசே கட்டுகிறது. பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மாறிய அன்றே இவ்வளவும் போய்விடும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் கூடவே போகும். தனியார் பள்ளியில் கூடுதலாக வரக்கூடிய 20, 30 மதிப்பெண்ணுக்காக இவ்வளவையும் விடுவது நியாயமா என்று ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள்.

ஒரு நுணுக்கம். கடற்கரை ஊர்களில் திருச்சபைகளும் முஸ்லிம் ஜமாத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளிகள் பல, அரசு உதவி பெறும் பள்ளிகள். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அவை கணக்கில் வராது. ஆனால் அங்கே தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. இதைத் தெரியாமல் விட்டவர்கள் ஏராளம்.

2. எட்டாம் வகுப்பு முதல் பதினொன்று வரை எழுத வேண்டிய தேர்வுகள்

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பிறகு இரண்டு தேர்வுகள் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் எழுதும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் தேறும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள்; முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் தேறும் 1,000 பேருக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். தலைமையாசிரியர் அறிவிப்பார் என்று காத்திராமல் வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே கேளுங்கள்.

3. காகிதங்கள்: பொங்கலுக்குள் தொடங்குங்கள்

வழிகாட்டியின் முக்கியமான பகுதி இதுதான். மதிப்பெண் இருந்தும் இடம் நழுவிய பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தால், பாதிக் கதைகள் ஒரு சான்றிதழில் போய் நிற்கும்.

முதலில் பெயர். ஆதார், குடும்ப அட்டை, பள்ளிப் பதிவு, தந்தையின் ஆதார் இந்த நான்கையும் தரையில் பரப்பி வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தந்தை பெயர் ஆதாரில் அந்தோணி ராயப்பன், குடும்ப அட்டையில் ராயப்பன், மகளின் பள்ளிப் பதிவில் ஏ. ராயப்பன் என்று இருக்கும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முகமது என்ற ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரே வீட்டில் மூன்று எழுத்துக்கூட்டல் பார்க்கலாம். பிறந்த தேதியும் இப்படித்தான். பள்ளிப் பதிவில் உள்ள பிழையை, பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் இறுதியாகும் முன் தலைமையாசிரியர் வழியாகத் திருத்துவது எளிது. மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்துவதென்றால் தேர்வுத் துறை வரை அலைய வேண்டும். ஆதார் திருத்தம் அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மையங்களில் நடக்கும். எதை எதற்கேற்ப மாற்றுவது என்று குழப்பம் வந்தால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே மற்றதை மாற்றுங்கள்.

பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டியவை.

சாதிச் சான்றிதழ்: ஒரு முறை வாங்கினால் போதும். மதம் மாறிய குடும்பங்களில் பிரிவு மாறக்கூடும். எடுத்துக்காட்டாக, ஆதிதிராவிடர் கிறிஸ்தவராக மாறினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். தந்தையின் சான்றிதழும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழும் வேறு வேறு பிரிவைச் சொன்னால், சரிபார்ப்பு மேசையில் சிக்கல். முஸ்லிம் குடும்பங்கள், சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற பிரிவு தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். 30 சதவீதத்துக்குள் அவர்களுக்கென 3.5 சதவீதம் தனியே இருக்கிறது.

வருமானச் சான்றிதழ்: ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் வாங்குங்கள். அதற்கு முன் வாங்கினால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது காலாவதியாகிவிடலாம். மீன்பிடித் தொழிலுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது மீனவர் கூட்டுறவு சங்க உறுப்பினர் அட்டை கைவசம் இருந்தால் பேச்சு குறையும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைத் தாண்டித்தான் சான்றிதழ் வரும். மே மாதத்தில் ஊர் முழுவதும் அதே வரிசையில் நிற்கும்.

முதல் பட்டதாரி சான்றிதழ்: குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை பெறுவதற்கு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. அண்ணன் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் தங்கைக்குக் கிடையாது.

பிறப்பிடச் சான்றிதழ்: எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் இது தேவையில்லை. இடையில் சில ஆண்டுகள் வளைகுடாவிலோ வேறு மாநிலத்திலோ படித்துத் திரும்பிய பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும்.

மத்திய அரசு நிறுவனங்களுக்கான இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்: இது தனி. மாநிலச் சாதிச் சான்றிதழைக் கொண்டுபோய் ஐஐடி, என்ஐடி, அகில இந்திய மருத்துவ ஒதுக்கீடு ஆகியவற்றில் காட்டினால் செல்லாது. வளமான பிரிவினர் அல்லர் என்று சொல்லும் இந்தச் சான்றிதழ், அந்த நிதியாண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள், ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றையும் பள்ளிகளில் வாங்கி வைக்க வேண்டும். நடுநிலைப் பள்ளி ஒரு ஊரில், மேல்நிலைப் பள்ளி இன்னொரு ஊரில் என்றால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியிருக்கும்.

கடற்கரைக்கே உரிய சங்கதி ஒன்று. படகில் போகிறவர் அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார், வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை நகல் எல்லாம் சேர்ந்து ஒரே பொட்டலமாகக் கடலுக்குப் போய்விடும். வீட்டில் ஒரு தொகுதி நகலும், கைப்பேசியில் தெளிவாக எடுத்த படமும் இருக்கட்டும். தந்தை இலங்கைச் சிறையில் இருக்கும் வீடுகளும் இந்தக் கரையில் உண்டு. அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் அவர் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, தாய் கையெழுத்திடலாம்.

4. ஒரு கைப்பேசி எண், ஒரு மின்னஞ்சல்

சின்ன விஷயம்தான், ஆனால் இதில் கோட்டைவிட்டவர்கள் அதிகம். விண்ணப்பத்தில் கொடுக்கும் எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். இட ஒதுக்கீட்டுத் தகவலும் அதற்குத்தான் வரும். கணினி மையத்தில் விண்ணப்பம் போடும்போது அவசரத்துக்கு அவர்கள் தங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார்கள். பிறகு கலந்தாய்வு நாளில் அந்தக் கடையைத் தேடி ஓட வேண்டியிருக்கும். அப்பாவின் எண்ணையும் கொடுக்காதீர்கள். கலந்தாய்வு நடக்கும் ஜூலையில் தடைக்காலம் முடிந்து அவர் கடலில் இருப்பார், கைப்பேசியும் அவரோடு போயிருக்கும். அம்மாவின் எண்ணோ பிள்ளையின் எண்ணோ கொடுங்கள். ஆண்டு முழுவதும் அந்த எண் உயிரோடு இருக்க வேண்டும். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வையுங்கள்.

5. எங்கே, என்ன படிக்கலாம்

நம் மாவட்டத்திலேயே என்ன இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரியும் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, கடலாடி ஆகிய ஊர்களிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. இவை காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ராமநாதபுரத்தில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரி, 2017-இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவையும் இருக்கின்றன. கீழக்கரையில் முகமது சதக் பொறியியல் கல்லூரி 1984 முதலும், தாசிம் பீவி மகளிர் கல்லூரி 1988 முதலும் நடக்கின்றன. மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு இந்த மகளிர் கல்லூரி பல ஆண்டுகளாகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அரசுப் பொறியியல் கல்லூரி வேண்டுமானால் காரைக்குடியின் அழகப்ப செட்டியார் கல்லூரி எட்டும் தூரத்தில் உள்ளது.

கடலை ஒட்டிய படிப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "கடல் நம்மோடு போகட்டும், பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கட்டும்" என்பது இங்கே பொதுவான பேச்சு. அந்த ஆசையில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் கடலைத் தெரிந்த பிள்ளைக்கு வகுப்பறையில் கிடைக்கும் அனுகூலம் வேறு யாருக்கும் கிடைக்காது. அதை எண்ணிப் பார்க்காமலே ஒதுக்குகிறோம்.

நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-இல் உருவானது. அதன் தூத்துக்குடிக் கல்லூரி 1977 முதல் இயங்குகிறது. நான்கு ஆண்டு மீன்வள அறிவியல் பட்டத்துக்கு நீட் தேவையில்லை; பிளஸ் டூ மதிப்பெண்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழை மீன்வளத் துறையில் பெற வேண்டும். இந்தப் பட்டம் முடித்தவர்களுக்கு மீன்வளத் துறை ஆய்வாளர் பணி, வங்கி, இறால் பண்ணை, ஏற்றுமதி ஆலை, மேற்படிப்பு என்று வழிகள் உள்ளன.

இந்தத் துறையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் தொடக்க காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் பின்னர் கொச்சிக்குப் போனாலும் மண்டல மையம் இங்கேயே இருக்கிறது. கடல் விராலைக் கூண்டில் வளர்த்து முட்டையிட வைத்து, குஞ்சு பொரிக்கச் செய்த வேலையில் நாட்டிலேயே முதல் வெற்றி 2010-இல் மண்டபத்தில் கிடைத்தது. பள்ளியிலிருந்து கடிதம் கொடுத்து, ஒரு வகுப்பாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். படிப்பு என்றால் என்ன வேலை என்ற கேள்விக்கு அங்கே பதில் கண்ணால் தெரியும்.

கப்பல் வேலைக்கு வழி, சென்னையில் தலைமையிடம் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வு. நாட்டிகல் சயின்ஸ் பட்டம் மூன்று ஆண்டுகள், மரைன் இன்ஜினீயரிங் நான்கு ஆண்டுகள். இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சராசரி 60 சதவீதமும் ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். பார்வைத் தகுதியும் கண்டிப்பானது. நிறக்குருடு இருந்தால் நுழைய முடியாது. நுழைவுத் தேர்வுக் கட்டணம் கட்டும் முன் கண் மருத்துவரிடம் பரிசோதித்துவிடுங்கள். கட்டணம் அதிகமான படிப்பு இது என்பதும் நினைவிருக்கட்டும்.

பத்தாம் வகுப்போடு நிற்கப் போகிற பிள்ளைக்கு ஒரு வழி அதிகம் பேசப்படுவதில்லை. சிஃப்நெட் எனப்படும் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனம் கொச்சியில் இருக்கிறது. சென்னை ராயபுரத்தில் அதன் கிளை உண்டு. மீன்பிடிக் கப்பல் செலுத்துநர், கப்பல் இயந்திரப் பணியாளர் என்று இரண்டு ஆண்டுப் பயிற்சிகள் நடக்கின்றன. பத்தாம் வகுப்பில் கணிதத்திலும் அறிவியலிலும் 40 சதவீதம் இருந்தால் நுழைவுத் தேர்வு எழுதலாம். அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறேன் என்று நிற்கும் பையனிடம், போ, சான்றிதழோடு போ என்று சொல்ல இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி.

செவிலியர் பட்டப்படிப்பும் துணை மருத்துவப் படிப்புகளும் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் அரசுக் கலந்தாய்வில் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்தால் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். தமிழ்வழியிலேயே பட்டம் வரை படித்தவருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அரசு வேலையைக் கனவு காணும் பிள்ளை, ஆங்கிலவழிப் பட்டத்துக்கு மாறும் முன் இதை ஒரு முறை யோசிக்கட்டும்.

6. நுழைவுத் தேர்வுகள்: பள்ளிப் பாடத்துக்கு நடுவே நாள் தவறாமல்

என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் நிறுவனங்களுக்கான ஜேஇஇ மெயின் இரண்டு முறை, ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கும். பதிவு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தொடங்கிவிடும். சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் டிசம்பரில். நீட் பதிவு பிப்ரவரி வாக்கில், தேர்வு மே தொடக்கத்தில். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கான க்யூட் தேர்வும் மே வாக்கில். ஜேஇஇ மெயின், நீட் இரண்டையும் தமிழிலேயே எழுதலாம். ஐஐடி, என்ஐடி போன்ற முன்னணி நிறுவனங்களில் இடம் பிடிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளையின் செலவைத் தமிழக அரசு ஏற்கிறது. பள்ளியில் நான் முதல்வன் வழிகாட்டி ஆசிரியர் யார் என்று கேட்டு, இந்தத் தேதிகளை அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்காக மாவட்டத்தில் நடக்கும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்குப் பெற்றோரும் கூடப் போனால் நல்லது.

7. மே மாதம்: விண்ணப்பமும் கட் ஆஃபும் விருப்பப் பட்டியலும்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். கட்டணம் 50 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். பொறியியலுக்கு விண்ணப்பித்தாலும் இதையும் போட்டு வையுங்கள். 50 ரூபாயைச் சேமித்துவிட்டு ஓராண்டைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பொறியியல் கட் ஆஃப் 200-க்கு. கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. கணிதம் 86, இயற்பியல் 74, வேதியியல் 78 என்றால் 86, 37, 39 சேர்த்து 162. மொழிப்பாட மதிப்பெண் இதில் வராது. கணிதத்தில் ஒரு மதிப்பெண், இயற்பியலில் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். பிளஸ் டூ திருப்புதல் தேர்வு நடக்கும்போதே இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. வீட்டில் வசதி இல்லாதவர்கள் உதவி மையத்துக்குப் போனால் இலவசமாகவே பதிவு செய்து தருவார்கள்.

தரவரிசை வந்தபின் வருவது விருப்பப் பட்டியல். பெரும்பாலோர் தடுக்கி விழும் படி இதுதான். கல்லூரியையும் பாடத்தையும் சேர்த்து ஒவ்வொரு விருப்பமாக வரிசைப்படுத்தித் தர வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் தரலாம். கணினி உங்கள் தரவரிசைக்கு உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும். காலியாக இருக்கும் முதல் விருப்பத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். "எப்படியும் கிடைக்காது" என்று அஞ்சி, காரைக்குடி அரசுக் கல்லூரியை ஐந்தாவதாகவும் வீட்டுக்கு அருகில் உள்ள தனியார் கல்லூரியை முதலாவதாகவும் போட்டால் தனியார் கல்லூரிதான் கிடைக்கும். அரசுக் கல்லூரியில் இடம் காலியாக இருந்திருந்தாலும் கணினி அதைப் பார்க்கவே பார்க்காது. உண்மையில் எதை விரும்புகிறீர்களோ அதை மேலே வையுங்கள். பாதுகாப்பானவற்றைக் கீழே வரிசையாக அடுக்குங்கள். முந்தைய ஆண்டில் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில், உங்கள் பிரிவில் எந்த கட் ஆஃபோடு இடம் முடிந்தது என்ற பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் முதலில் எழுதிப் பார்த்துவிட்டுக் கணினிக்கு முன் உட்காருங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தால், ஏற்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன், வேண்டாம் என்ற வகைத் தெரிவுகளில் ஒன்றை இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இடம் போய்விடும். அந்த நாள்களில் ஊர்த் திருவிழா, கல்யாணம் எதுவானாலும் பிள்ளை கைப்பேசியோடு கரையில் இருக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் உறவினர் வீட்டில் இருந்தால் கைப்பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிபி வராமல் போகலாம். ராமேஸ்வரத்துக்கே வந்துவிடுவது நல்லது.

8. பணம்

அரசுக் கலைக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். அங்கே பெரிய செலவு போக்குவரத்தும் தங்குமிடமும்தான். அரசு நடத்தும் சமூகநீதி விடுதிகளில் உணவும் இடமும் இலவசம். சேர்க்கை உறுதியானவுடன் விண்ணப்பியுங்கள். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணம் இல்லை.

தடைக்காலப் பணமுடையைச் சமாளிக்க மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒரு வழி. குடும்பம் 1,500 ரூபாய் சேமித்தால் அரசுப் பங்கோடு 4,500 ரூபாயாகத் திரும்பி வரும். அதை வீட்டுச் செலவில் கரைக்காமல் கல்லூரிக் கணக்கில் போட்டுவைத்த குடும்பங்களுக்கு மே மாதத்தில் மூச்சுவிட இடம் இருக்கிறது. மீனவர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தனியே உண்டு. பனைத் தொழிலாளர், கட்டடத் தொழிலாளர் வாரியங்களிலும் உண்டு. அட்டையைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தால் எதுவும் வராது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் துறைகளின் உதவித்தொகைக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம்.

கல்விக்கடன் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 4 லட்சம் வரை பிணை தேவையில்லை. கடன் உத்தரவாதத் திட்டத்தில் 7.5 லட்சம் வரையிலும் பிணையின்றித் தருகிறார்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்தப் பதிவு எண்ணோடு வங்கிக்குப் போனால் வாய்ச்சொல்லில் திருப்பி அனுப்புவது கடினம். பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். தந்தை வளைகுடாவில் இருந்தால் தாயே போடலாம். படிப்புக்காலமும் அதன்பின் ஓராண்டும் கழித்துத்தான் தவணை தொடங்கும். ஆனால் வட்டி அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருக்கும். வட்டி மானியத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று கடன் வாங்கும்போதே கேளுங்கள். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டணம் கட்டுவதை மட்டும் தவிருங்கள். அந்தக் கடன் வட்டியாகத் தெரியாது. மீன் விலையில் கழிந்துகொண்டே இருக்கும்.

கலாம் சென்னை எம்ஐடியில் சேரப் பணமில்லாமல் நின்றபோது, அக்கா ஜோகரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். நம் மேடைகளில் கலாமின் கனவைப் பேசும் அளவுக்கு அந்த வளையலைப் பேசுவதில்லை. இன்று ஒரு அக்கா அடகுக் கடைக்குப் போகும் முன் தட்டிப் பார்க்க மேலே சொன்ன கதவுகள் எல்லாம் இருக்கின்றன.

9. வீடு தேடி வரும் தரகர்

தேர்வு முடிவு வந்த வாரமே தெருவுக்குள் வந்துவிடுவார்கள். விடுதி இலவசம், மடிக்கணினி இலவசம், முதலாண்டு கட்டணம் வேண்டாம் என்பார்கள். கடைசியில் அசல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு அசல்களைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் விதித்திருக்கின்றன. சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு மூன்றாண்டுக் கட்டணத்தையும் கேட்ட ஒரு வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணை மீட்க, ஊரே ஒரு வேன் எடுத்துப் போய் வந்தது. செவிலியர் படிப்பு என்றால் செவிலியர் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பல் வேலை என்றால், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பட்டியலில் அந்தப் பயிற்சி நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

10. தவறிவிட்டால்

தோல்வியுற்ற பாடத்துக்குத் துணைத்தேர்வு அதே கோடையில் நடக்கிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு உண்டு. பிளஸ் டூ அறிவியல் பிரிவில் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. எங்கும் சேராத பிள்ளைகளைத் தேடி உயர்வுக்குப் படி முகாம்கள் நடக்கும்போது, சான்றிதழ் கோப்போடு போனால் அங்கேயே சேர்க்கை நடப்பதும் உண்டு. மனம் உடைந்த பிள்ளைக்கு 104 எண்ணில் ஆலோசனை கிடைக்கும். பள்ளிக் கல்வி தொடர்பான கேள்விகளுக்கு 14417.

மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் மாநிலக் கல்லூரிகளில் படிக்க வழியும் கல்வி உதவித்தொகையும் உண்டு. முகாமின் தனித்துணை ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். வெளியூர் விடுதியில் தங்குவதற்கான அனுமதியையும் அப்போதே பேசிவிடுங்கள்.

11. சேர்ந்த முதல் மாதம்

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் விண்ணப்பங்கள் கல்லூரியிலேயே பதிவாகும். வெளியே யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பணம் வருவது மாணவரின் சொந்தக் கணக்குக்கு, அதுவும் ஆதார் இணைந்த கணக்குக்கு. பள்ளியில் தொடங்கிய கணக்கு பல ஆண்டுகள் பயன்படாமல் முடங்கியிருக்கும். வங்கிக்குப் போய் அதை உயிர்ப்பித்து, ஆதார் இணைப்பு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, பிறகு கல்லூரியில் எண்ணைக் கொடுங்கள். உதவித்தொகைக்கான வருமானச் சான்றிதழ் அடுத்த ஆண்டும் கேட்பார்கள். ஜனவரியில் மீண்டும் இ-சேவை மையத்துக்குப் போக வேண்டியிருக்கும்.